மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்

நாம் பேசும்போது மேடம் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். 'உம்' கொட்ட மாட்டார். 'அப்படியா', 'அடடா' எதுவும் கிடையாது. சொல்லி முடித்துவிட்டோம் என்று நமக்கே தோன்றிய பிறகும் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம். நாமாகவே இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவோம். அதுவும் தீர்ந்த பிறகு மெதுவாக, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ பேர் எதையெதையோ கொட்டியிருக்கிறார்கள். நானும்தான்.

அப்போது நான் ஃபுட்பால் ரெஃப்ரி. பிழைப்பு வேறு. பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையில், பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை. வீடு ஜோகுபாளையத்தில். ஷிஃப்ட் முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் லீக் மேட்சுகளுக்குக் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், அல்சூர் பையன்கள் ஆடினால் திட்டுவதற்காவது ஆள் இருக்கும். திட்டு முழுக்க ரெஃப்ரிக்குத்தான்.

மேடம் காக்ஸ் டவுன்காரர். ஒரு காலேஜில் சைக்காலஜி சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரெஃப்ரி சங்கத்தின் செக்ரட்டரி அவரை மைதானத்துக்குக் கூட்டிவந்து, "இவங்க பிஎச்.டி. பண்றாங்க. ரெஃப்ரிங்களைப் பத்தி. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுங்கப்பா" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுவார்கள், கோச்சுகளைப் பற்றி எழுதுவார்கள். எங்களைப் பற்றிச் சுவரில் எழுதியிருப்பதைத்தான் அதுவரை பார்த்திருந்தோம்.

மேடம் சிமெண்ட் படியில், வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஒரு மேட்ச் முடிஞ்சதும், இன்னைக்கு நல்லா பண்ணோம்னு உங்களுக்கு எப்பத் தோணும்?" என்று கேட்டார்.

என் கூட்டாளி டேவிட் உடனே, "அடி வாங்காம வூட்டுக்குப் போனா நல்லா பண்ணோம்னு அர்த்தம் மேடம்" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. தலையைச் சாய்த்தபடி டேவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட்டின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "போன வருஷம் ஒரு மேட்சுக்கு என் பொண்ணைக் கூட்டினு வந்தேன் மேடம். கூட்டம் எங்கம்மாவை இழுத்துத் திட்டுச்சு. பாப்பா கேட்டுனு இருந்துச்சு. அப்பலேர்ந்து அவளைக் கூட்டினு வர்றதில்ல" என்றான்.

பத்து வருடமாக அவனோடு ஒரே மைதானத்தில் ஓடுகிறேன். எனக்கு இது தெரியாது.

அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். சிலருக்கு, நேற்றைவிட இன்றைக்கு நன்றாகச் செய்தால் திருப்தி. சிலருக்குப் பக்கத்து ஆளைவிட நன்றாகச் செய்தால்தான் திருப்தி. யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வெளிநாட்டில் ஆட்டக்காரர்களுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். அது ரெஃப்ரிகளுக்கும் பொருந்துமா, தமிழிலும் கன்னடத்திலும் மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யுமா என்று மேடம் சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'ஒத்துக்கொள்ளவே மாட்டேன்' வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். ஒரே ஆளிடம் சில வாரம் கழித்து மறுபடி கொடுப்பார். இரண்டு முறையும் பதில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் தாளை நம்பலாம் என்றார். ஃபுட்பால் மட்டுமில்லை, ஹாக்கி, வாலிபால், கபடி என்று ஊரில் விசில் வைத்திருந்த அத்தனை பேரையும் தேடிப் போனார்.

முதலில் தமிழ் வாக்கியங்களைச் சரிபார்க்க எங்களில் நாலைந்து பேரை உட்காரவைத்தார். ஒரு வாக்கியத்தைப் படித்தார்: "மற்ற எல்லா நடுவர்களையும் விட நானே சிறந்தவன் என்று உணரும்போது வெற்றி பெற்றதாக நினைக்கிறேன்."

"இன்னா மேடம் இது, எலெக்‌ஷன் மீட்டிங்கா?" என்றான் டேவிட். "எவன் இதுக்கு ஆமான்னு போடுவான்? நம்ம ஊர்ல இப்டி வாய விட்டு ஒத்துக்கினா செவுள்லயே ஒண்ணு வெப்பாங்கோ."

"மனசுல நினைக்க மாட்டாங்களா?" என்றார் மேடம்.

"நெனைப்பாங்கோ. நெனைக்கிறதுக்கா டிக் கேக்கறீங்க?"

மேடம் வெகுநேரம் டேவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொல்றதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை" என்றார். அதன்பிறகுதான், வெளிநாட்டு வாக்கியங்களோடு நம் ஆட்கள் தாமாகப் பேசும்போது சொல்வதையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை அவருக்கு வந்தது. அதற்காக ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தார்.

நாங்கள் பேசும்போது அவர் எதையும் எழுத மாட்டார். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருப்பார். "அன்னைக்கு பயம் இல்ல, கூச்சம்னு சொன்னீங்களே" என்று ஒரு மாதம் கழித்துக் கேட்பார். அப்படித்தான் சொல்லியிருப்போம். நாம் சொன்ன வார்த்தையை இன்னொருவர் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதில் ஒரு பெருமை இருந்தது. கம்பெனியில் நான் காலையில் சொன்னதைச் சாயங்காலம் சூப்பர்வைசர் தன் யோசனையாகச் சொல்வார். இங்கே படித்த ஒரு பெண்மணி என் வார்த்தையை என் வார்த்தையாகவே திருப்பித் தருகிறார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி செல்வி முதலில் மேடம் என்றாள், இரண்டாவது முறை வந்தபோது அக்கா என்றாள். நான் காபித்தூள் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் செல்வி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அம்மாவைப் பத்திப் பேசினு இருந்தோம்" என்றாள். மாமியார் இறந்து அப்போது ஆறு வருடம். என்னிடம் ஒருநாளும் அப்படி அழுததில்லை. மேடம் போன பிறகு செல்வி பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள்.

இரண்டு சம்பவங்களை இப்போது நினைக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது.

ஒரு மேட்சில் நான் கொடுத்த பெனால்ட்டியில் ஒரு டீம் தோற்றது. அவர்களுடைய கோல்கீப்பர் என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினான். சிவப்பு கார்டு காட்டினேன். மேட்ச் முடிந்து பார்த்தால் மேடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதே சாய்ந்த தலை. அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான், முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான். எனக்கு என்னவோ போலிருந்தது. அப்புறம் என்னிடம் வந்து, "பாவம் அண்ணா. அவங்க வீட்ல இன்னைக்குக் காலையிலதான் பெரிய சண்டை" என்றார்.

"துப்பினது என் மேல மேடம்."

"ஆமா. அதையும்தான் சொன்னான். துப்பினப்ப நல்லா இருந்துச்சாம்."

எனக்குக் கொடுத்த அதே காதைத்தான் அவனுக்கும் கொடுத்திருக்கிறார். கூடக் குறைய இல்லை.

இன்னொரு நாள், டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு வாலிபால் ரெஃப்ரி சொன்னார், ஒவ்வொரு ஃபைனலுக்கு முன்னாடியும் அவருக்கு வாந்தி வருமாம்" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் மாநில ஃபைனல் ஊதுகிற வாலிபால் ரெஃப்ரிகள் ஊரிலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் மேட்ச் தொடங்கும் முன் பாத்ரூம் பக்கம் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். "அவரா!" என்று சிரித்தேன். மேடம், "நான் பேர் சொல்லலை" என்று தானும் சிரித்தார். நாளைக்கு வேறொரு டீக்கடையில் என் கதை இப்படி ஓடும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் சொன்னது ஒரு மழை நாளில். பாதி மேட்சில் மைதானம் குளமாகி ஆட்டம் நின்றுவிட்டது. டீம்கள் கிளம்பிவிட்டன. சாமான் வைக்கிற தகர ஷெட்டில் நானும் மேடமும் ஒதுங்கியிருந்தோம். ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாத மழை. "நீங்க ஏன் அண்ணா இதுக்கு வர்றீங்க? திட்டு வாங்கறீங்க, முட்டி வலின்னு சொல்றீங்க" என்றார். ஆட்டத்து மேல் ஆசை, சின்ன வயதில் ஆடியது, உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"கம்பெனில நான் நில்லுன்னு சொன்னா தள்ளுவண்டிகூட நிக்காது மேடம்" என்றேன். "பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ஏய்ம்பாங்க. இங்க நான் ஊதினா இருவத்திரண்டு பேரும் நிக்கிறாங்க. எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் நின்னுதான் ஆவணும். அந்த ஒரு செகண்டு இக்குது பாருங்க, அதுக்கோசரம்தான் வரேன். வேற ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உடனே பயமும் வந்தது. "இது நமக்குள்ள இருக்கட்டும் மேடம். செல்விகிட்டகூட சொன்னதில்ல."

"உங்க பேர் எங்கயும் வராது அண்ணா" என்றார்.

சில மாதம் கழித்து ஃபுட்பாலுக்கான கேள்வித்தாள் அச்சாகி வந்தது. மைதானத்துப் படிகளில் உட்கார்ந்து வரிசையாக டிக் போட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: "நான் விசில் ஊதியதும் இருபத்திரண்டு பேரும் நிற்பதுதான் நடுவராக இருப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி."

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து டிக் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. அச்சில், வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வாக்கியங்களுக்கு நடுவில், என் வாக்கியம். மேடம் அதைப் பொருட்படுத்தி எடுத்துவைத்திருக்கிறார். என்னைப்போல் இன்னும் நூறு பேர் இருப்பார்கள், மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோதும் அப்படியே போட்டேன்.

அடுத்த சீசன் தொடங்கும் முன் வழக்கம்போல ரெஃப்ரிகளுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. காலையில் புது விதிகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் தன் ஆராய்ச்சியின் முடிவைச் சொல்ல வந்தார். ஜன்னல்களைச் சாத்தி, ப்ரொஜெக்டரில் கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துச் சுவரில் காட்டினார். முன்வரிசையில் செக்ரட்டரி. நானும் டேவிட்டும் நாலாவது வரிசையில்.

எந்தெந்த வாக்கியங்கள் தேறின என்று சொன்னார். பிறகு, தேறாத வாக்கியங்கள் என்று ஒரு தாளை வைத்தார். மூன்றாவதாக என் வாக்கியம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

"இது ஒரு ரெஃப்ரி என்கிட்ட பேசும்போது சொன்னது" என்றார் மேடம். "ரொம்ப இயல்பா இருந்ததால சேர்த்தோம். ஆனா ஏறக்குறைய எல்லாரும் 'ஒத்துக்கொள்ளவே மாட்டேன்'னு போட்டிருக்கீங்க."

"யாரு மேடம் அது, ட்ராஃபிக் போலீஸா?" என்று டேவிட் கத்தினான். அது நான் என்று அவனுக்குத் தெரியாது. ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் யாரோ கன்னடத்தில் ஏதோ சொல்ல, இன்னொரு சிரிப்பு. மேடமும் சிரித்தார். கூட்டம் தன் பேச்சை ரசிக்கிறது என்கிற, மேடையில் பேசுகிறவர்களுக்கு வருமே, அந்தச் சந்தோஷச் சிரிப்பு. "அதனால இதை எடுத்துட்டோம்" என்று சொல்லி, சிவப்பு மார்க்கரை எடுத்துத் தாளில் கோடு இழுத்தார். சுவரில் என் வாக்கியத்தின் மேல் கை அகலத்துக்குச் சிவப்பாகக் கோடு ஓடியது.

நான் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. காது சுட்டது. டேவிட் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன். ஆனால் நாலாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்த விதத்தை மற்றவர்களும் பார்த்திருப்பார்கள்.

அடுத்த வாரம் காலைப் பயிற்சியில் நான் சும்மா விசிலைச் சோதித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த ரெஃப்ரிகள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவன் ஒரு காலைத் தூக்கியபடி. ஒருவன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தபடி. பொம்மைகள் மாதிரி. பிறகு ஒரே கும்மாளம். "சந்தோசமா குரு?" என்று ஒருவன் கேட்டான். டேவிட் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டே இருந்தான்.

இந்தக் கதை மைதானத்திலிருந்து மார்க்கெட் வழியாக எங்கள் தெருவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. செல்வி ஒரு சாயங்காலம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ விசில் ஊதினா எல்லாரும் நிக்கிறது உனக்கு அவ்ளோ சந்தோசமாமே."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நெசமா?"

நான் தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சேறு அப்பின துணியைத் தொவைக்கிறவ நானு. எதுக்குப் போறேன்னு எத்தினி வாட்டி கேட்டேன். சும்மா போறேன்னு சொன்ன. அக்காகிட்ட மட்டும் எப்டி வாய் வந்துச்சு?"

மேடம் கேட்டார், சொல்லிவிட்டேன். செல்வியும்தான் கேட்டாள். வித்தியாசம் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை.

இதுவரைக்கும் கேலிதான். கேலியைத் தாங்கிக்கொள்ளலாம், ரெஃப்ரிக்கு அது பழக்கம். அதன்பிறகு நடந்ததுதான் என்னை அடித்தது. தேசிய அளவிலான ரெஃப்ரி தேர்வுக்கு அந்த வருடம் சங்கம் என்னை அனுப்புவதாக இருந்தது. அதற்கு வயது வரம்பு உண்டு. அந்த வருடத்தை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். செக்ரட்டரி முன்பே வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட, நானும் விதிப் புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நோடு மணி, இதோ பாரு, இந்த வருஷம் நீ வேணாம்" என்றார்.

"ஏன் சார்?"

"நீ நல்ல ரெஃப்ரிதான். ஆனா ரெஃப்ரிங்கறவன் கண்ணுல படவே கூடாது. எல்லாரையும் நிக்க வெக்கிறதுக்கோசரம் ஊதறவன் பெரிய மேட்ச்ல இன்னா பண்ணுவான்? தேவையில்லாம ஊதுவான். சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு."

"அது நான்னு யார் சார் சொன்னது?"

"மேடம்தான். கேட்டேன், சொன்னாங்க."

நான் எத்தனை மேட்சில் தேவையில்லாமல் ஊதினேன் என்று அவர் கேட்கவில்லை. மேட்சுக்கு மேட்ச் ரெஃப்ரிகளைப் பற்றி அவர் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் என்னைப் பற்றி நல்லதாகவே இருந்தது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் சிவப்புக் கோட்டைச் சுவரில் பார்த்துவிட்டார்.

மறுநாளே காக்ஸ் டவுனுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஓட்டு வீடு. மேடத்தின் அம்மா உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க அண்ணா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ கொண்டுவந்து வைத்தார்.

"செக்ரட்டரிகிட்ட அது நான்னு சொன்னீங்களா மேடம்?"

மறைக்கவில்லை. "கேட்டார். சொன்னேன்."

"பேர் எங்கயும் வராதுன்னு சொன்னீங்களே."

"தீசிஸ்ல வரலை அண்ணா. எங்கயும் எழுதலை. அவர் நேர்ல கேட்டார். உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னேன். இத்தனை பேர்ல உண்மையா பதில் போட்ட ஒரே ஆள் மணி அண்ணாதான்னு சொன்னேன். மத்தவங்க எல்லாரும், நல்லவங்களாத் தெரியணும்னு டிக் போட்டிருக்காங்க. அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா கோடு போட்டீங்க?"

"அது கணக்கு அண்ணா. ஒரு வாக்கியத்துக்கு எல்லாரும் ஒரே பதில் போட்டா, அதை வெச்சு ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்னு பாக்க முடியாது. எடுத்துதான் ஆகணும். அது பொய்னு நான் சொல்லலையே."

"தீசிஸ்ல பேர் வராததால எனக்கு இன்னா மேடம் ஆச்சு? அதை யார் படிக்கப்போறாங்க? எங்க கிரவுண்டுல வந்துடுச்சே. எங்க தெருவுல வந்துடுச்சே. எங்க வூட்ல சோறு எறங்கல."

தேசியத் தேர்வு போனதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நான் செக்ரட்டரிகிட்ட பேசறேன்" என்று எழுந்தார்.

"வேணாம் மேடம். நீங்க பேசினவரைக்கும் போதும்."

உட்கார்ந்தார். உள்ளே ரேடியோவில் கன்னடச் செய்தி. நான் அவரைப் பார்த்தேன். அவர் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. கண்கள் கலங்கியிருந்தன, ஆனாலும் அதே பார்வை. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் டாக்டர் பட்டம் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்வித்தாள் வேறு ஊர்களுக்கும் போயிற்றாம். என் வாக்கியம் இல்லாமல். நான் இன்னும் நாலு சீசன் லீக் மேட்சுகள் ஊதினேன். விசில் ஊதினால் அப்போதும் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குள் இன்னொருவன் உட்கார்ந்து, 'இப்ப சந்தோஷமா?' என்று பார்த்துக்கொண்டிருந்தான். முட்டி வலியைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அதற்கும் சில வருடம் கழித்து, தொம்மலூரில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்குச் சர்க்கரை வந்திருந்தது. அங்கே ஒரு லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு, இரண்டாவது தடவை ரத்தம் கொடுப்பதற்காக பெஞ்சில் காத்திருந்தேன். வெளியே தூசியும் ஹாரன் சத்தமும். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். "மணி அண்ணா" என்று குரல். மேடம். இளைத்திருந்தார். முடி வெளுத்திருந்தது. கையில் எக்ஸ்ரே வைக்கிற மாதிரி ஒரு பெரிய கவர்.

எழுந்து போயிருப்பேன். ரத்தம் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது.

"செல்வி எப்படி இருக்கா?"

"இருக்கா."

"அம்மா போயிட்டாங்க அண்ணா. போன வருஷம்."

"கேள்விப்பட்டேன்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பேசப் பிடிக்காமல்தான் சும்மா இருந்தேன். ஆனால் மேடம் பேச ஆரம்பித்துவிட்டார். மெதுவாக, பாதி வார்த்தையை விழுங்கி விழுங்கிச் சொன்னார். கவரில் இருந்ததைப் பற்றிச் சொன்னார். பிறகு அதற்கும் முந்திய ஒன்றைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தான் ஏன் தனியாகவே இருந்துவிட்டார் என்பதைப் பற்றி. இத்தனை வருடத்தில் தன்னைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்களா என்றும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பேசிவிட்டு எழுந்து போனவர்கள்தான்.

சொல்லி முடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா. செல்விகிட்டகூட."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதைக் கேட்க இவருக்கு என்ன உரிமை இருக்கிறது? தகர ஷெட்டில் நான் கேட்டது ஞாபகம் இல்லையா? எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறவருக்கு அது மட்டும் எப்படி மறந்துபோகும்? கேட்டிருப்பேன். அவர் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். 'சரி' என்றும் சொல்லாமல், 'மாட்டேன்' என்றும் சொல்லாமல் உள்ளே போனேன். கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் செல்வியிடம் மேடத்தைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் செய்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். "அக்காவா? இன்னா சொன்னாங்க?"

"உன்னைக் கேட்டாங்க."

"அவ்ளோதானா? அவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தியே, வேற இன்னா சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லல."

செல்வி நம்பவில்லை. மேடம் காலமான செய்தி இரண்டு வருடம் கழித்து வந்தபோதும் அதே கேள்வியைக் கேட்டாள். நான் அதே பதிலைச் சொன்னேன். அடக்கத்துக்குப் போனபோது சர்ச்சில் டேவிட் பக்கத்தில் நின்றுகொண்டு, "லேபுல உன்கிட்ட பேசினாங்களாமே, செல்வி சொல்லிச்சு. இன்னாப்பா விஷயம்?" என்று காதோரம் கேட்டான். அவனிடமும் அதேதான்.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தேர்வு அறைக்குள் நான் போகவே இல்லை, அது திரும்பி வராது. ஆனால் அந்தப் பெஞ்சில் அவர் சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.